தோணிக்கரைப் பள்ளியின் தாலாட்டுகளும் உறங்காத இளவரசரும்

நன்று பெருகுக. மணிநீர்நாட்டின் வேந்தரும், ஏழு குன்றுகளுக்கு உரியவரும், யானை தும்மினாலும் இமை அசையாதவருமான இளநாகப் பேரரசர் திருமுன்னர், மூத்த அமைச்சன் நெடுங்கோடன் தோணிக்கரைத் துறையிலிருந்து தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் கோட்டை ஓங்குக. தொட்டிலில் இளவரசர் கண்ணயர்க.

பிறந்தது முதல் இளவரசர் உறங்காது அழுவதும், அவைப்புலவர் யாத்த தாலாட்டைப் பாடப் பாடப் புலவரே உறங்கிப்போவதும் தாங்கள் அறிந்ததே. அக்கவலையின் நடுவிலும், அரண்மனையைப் போலவே பள்ளியிலும் அரசமொழி ஒன்றே ஒலிக்க வேண்டுமென்று கட்டளையிட்டு, தோணிக்கரைப் பள்ளியின் தாய்மொழித் திருநாளை நிறுத்திக் கதவை மூடி அதன்மேல் பதிக்குமாறு தங்கள் முத்திரையை என்னிடம் தந்தீர்கள். திருநாளன்றே வந்தேன். அரக்கும் காய்ச்சினேன்.

அத்திருநாளில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தாய் தனக்குப் பாடிய தாலாட்டை அத்தாயின் மொழியிலேயே பாடுவது வழக்கமாம். உப்பு வணிகர் மகன் வாய் திறந்ததும் என் குதிரை நின்றபடியே குறட்டை விட்டது. மலைக்குடிப் பிள்ளைகள் பாட, முதலையொன்று கரையேறித் தன் வாலையே தலையணையாக்கிப் படுத்தது. மீனவச் சிறுமி பாடியபோதோ ஆறு ஓட்டத்தை நிறுத்திக் கொட்டாவி விட்டது. அக்கொட்டாவிக்குள் ஒரு தோணி போய்த் திரும்பி வந்ததை இக்கண்களால் கண்டேன். பொய் சொல்லும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஒரு சொல்லும் விளங்கவில்லை, வேந்தே. ஆயினும் ஒவ்வொன்றும் என்னைத்தான் உறங்கச் சொல்லிற்று. இவ்வுலகில் எனக்கு இத்தனை தாய்மாரா என்று மெய்சிலிர்த்துக் கண் மூடினேன்.

குதிரை வணிகர் மகள் மெரூனா என்னை உலுக்கி எழுப்பி, இளவரசருக்கு அவர் தாய் எம்மொழியில் பாடுகிறார் என்று வினவினாள். கடல் கடந்து வந்த அரசி சிந்தாரையார் தம் மொழியை அரண்மனையில் பேசலாகாதென்பது சட்டம், ஆகவே பாடுவதில்லை என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அம்மா வாயக் கட்டிப்போட்டுட்டு, புள்ள தூங்கலையேன்னு நாடெல்லாம் மருந்து தேடுனா எப்படித் தாத்தா?" என்றாள்.

காய்ச்சிய அரக்கு வீணாகலாமா? கதவில் பதிக்க வேண்டிய தங்கள் முத்திரையை இவ்வோலையின் அடியில் பதித்துவிட்டேன். அம்முத்திரை பதிந்த சொல்லை அரசரும் மீறலாகாதென்பது தங்கள் பாட்டனார் வகுத்த நெறி. ஆகவே இது தங்கள் ஆணை: பள்ளிக் கதவு திறந்தே இருக்க, பிள்ளைகள் தத்தம் மொழியில் பாடுக, அரசியார் இன்றே தொட்டிலருகே அமர்ந்து தம் தாய்மொழியில் பாடுக.

ஆறு கடலுக்கு வழி மறக்குமளவும் இவ்வாணை நிற்க. என் தலையைக் கொய்வதாயின் இளவரசர் விழித்த பின்னர் கொய்தருள்க; குழந்தை உறங்கும் இடத்தில் ஓசை ஆகாது.

நாக முத்திரை பதிந்தது.