அம்மா தோல்வியை ஒப்புக்கொண்டாள்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் அடித்துக்கொண்டே இருக்கிறது. போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் கடிதம்.

அம்மா நகரசபைத் தலைவர் தேர்தலில் தோற்றது உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மறைத்துவிட்டோம். ஜெயித்தவர் நம் தெருமுனை மருந்துக்கடைக்காரர். ஓட்டு எண்ணியதில் குளறுபடி என்று அம்மாவின் ஆட்கள் கிளப்பிவிட்டார்கள், மறுபடி எண்ணியும் அதே முடிவுதான். அம்மா பொய் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தோற்றேன் என்றும் வாய் திறக்கவில்லை, மடித்த துணியையே பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்துக்கு ஆளாளுக்குத் தங்களுக்குப் பிடித்த அர்த்தம் வைத்துக்கொண்டார்கள். அம்மாவின் ஆட்கள் நகரசபை அலுவலகத்தைப் பூட்டி வாசலை மறித்தார்கள், சாவி உன் தம்பி கையில். கடைக்காரரின் ஆட்கள் எதிரே கூடினார்கள், இரண்டு பக்கத்தார் கையிலும் இரும்புக் குழாய்கள். நான் அலமாரியை இழுத்து நம் முன்கதவுக்கு முட்டுக்கொடுத்தேன். யாருக்குப் பயந்து இதெல்லாம் என்று அம்மா கேட்டாள். "உன் ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான்" என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் எழுந்து செருப்பை மாட்டினாள்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த மருந்துக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு நேரே அலுவலக வாசலுக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்று, "எண்ணினது சரிதான். நான் தோத்துட்டேன், இவர் ஜெயிச்சிட்டார். எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றாள். ஒருத்தரும் அசையவில்லை. தம்பியிடம் கையை நீட்டினாள். "உங்களுக்காகத்தானேம்மா நின்னோம்" என்று சாவியை அவள் காலடியில் எறிந்தான். அவள் குனிந்து எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் கூட்டம் மெல்லக் கலைந்தது. இன்னும் ஒரு நாள் அவள் பேசாமல் இருந்திருந்தால் எத்தனை வீட்டில் அழுகுரல் கேட்டிருக்குமோ.

ஆனால் பயம் போய்விடவில்லை கண்ணு. அன்றே சமையலறை ஜன்னலில் கல் விழுந்தது, அம்மாவுக்குக் கோஷம் போட்டவர்கள்தான் எறிந்தார்கள். தம்பி சிநேகிதன் வீட்டில் இருக்கிறான், எங்கள் போனை எடுப்பதில்லை. நாளை புதுத் தலைவர் பொறுப்பேற்கிறார், அம்மா முன்வரிசையில் உட்காரப் போகிறாளாம். வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. நானும் பக்கத்தில் உட்காருவேன்.

நீங்கள் எல்லாரும் நீடூழி நல்லபடி வாழவேண்டும். மறக்காமல் தம்பிக்குப் போன் போடு. புத்தி சொல்லாதே, சாப்பிட்டானா என்று மட்டும் கேள்.

உன் அப்பா