தலை கிடைக்காத பாரபாசாரஸ்

என் பவானி அக்காவுக்கு,

நீ கட்டிய டைனோசருக்குத் தலை வைத்துவிட்டார்கள். அதுவும் கோரைப்பல் தலை. சண்டை போட்டேன், தோற்றுவிட்டேன். இந்த எரிச்சலை உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

ஐ.டி. வேலையில் இருந்தாலும் நீ படித்தது நிலவியல். திருமுல்லைவாயிலில் நம் அடுக்ககப் பூங்காவுக்கு ஒரு டைனோசர் வேண்டும் என்றார்கள். வெளிநாட்டு மிருகம் எதற்கு, நம் கோதாவரிப் பக்கம் கிடைத்ததையே செய்வோம் என்றாய். கொத்தனார் கன்னியப்பன் அண்ணனைக் கூட்டி வந்து, சனி ஞாயிறு எல்லாம் சிமெண்டும் கையுமாக நின்றாய்.

"அதும் பேரு இன்னாம்மா?" என்றார் அவர்.

"பாரபாசாரஸ்ண்ணே. மொதல்ல ஆளுயரத் தொடையெலும்பு ஒண்ணு கெடச்சுது. 'பெரிய கால்'னு செல்லமா கூப்பிட்டாங்க. அப்புறம் அதையே பேராக்கிட்டாங்க. வங்காளத்துல 'படா'ன்னா பெருசு, இங்கிலீஷ்ல எழுதறப்ப அது 'பார' ஆயிடுச்சு. 'பா'ன்னா கால்."

"படா காலா? நம்ம பேட்டை ரவுடி பேரு மாதிரி கீதே!"

நீ சிரித்த சிரிப்பு இப்போதும் கேட்கிறது. தூண் போல நான்கு கால், நீண்ட கழுத்து, நீண்ட வால். ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில் இலை தின்று வாழ்ந்த உயிர். எலும்புகள் குவியலாகக் கிடைத்தும் மண்டையோடு மட்டும் கிடைக்கவில்லை, சில பற்கள்தான் கிடைத்தன என்றாய். தெரியாத தலையை எப்படிச் செய்வது? கழுத்தை வாதாம் மரத்துக்குள் நுழைத்துவிட்டாய். தலை இலைகளுக்குள் மேய்ந்துகொண்டிருப்பதாக எல்லோரும் நம்பினோம்.

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன பிறகு, மழைக்காலத்தில் அந்த மரமும் சாய்ந்தது. கழுத்து மொட்டையாகத் தெரிந்தது. அடுக்ககச் சங்கச் செயலாளர் பழைய பொருட்காட்சி ஒன்றிலிருந்து ஃபைபர் தலை வாங்கி வந்து பொருத்திவிட்டார். நான் ஊரில் இல்லாத வாரம் பார்த்து!

"சார், இது இலை திங்கிற மிருகம். இதுக்குப் போய் சிங்கப்பல்லா?"

"தம்பி, தலையில்லாம நின்னா பசங்க பயப்படுதுங்க."

"இப்ப மட்டும் பயப்படலையா?"

"இது சந்தோஷமான பயம்பா."

இதற்கு என்ன பதில் சொல்வாய் நீ? கூட்டத்தில் பேசினேன். கோதாவரி என்றேன், பல் என்றேன். ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்டார். என் பக்கம் ஒரு கைகூட உயரவில்லை, அக்கா.

சரி, நாமே கழற்றிவிடலாம் என்று கன்னியப்பன் அண்ணனை அழைத்தேன். ஏணியில் ஏறித் தட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"கம்பிய உள்ள வரைக்கும் எறக்கி காங்கிரீட் போட்டுகிறானுங்க. தலைய எடுத்தா கழுத்து புட்டுக்கினு வந்துரும். இன்னா பண்ணலாம், நீயே சொல்லு நைனா."

தலையை எடுத்தால் உன் கைபட்ட கழுத்து போய்விடும். வைத்திருந்தால் நீ சொன்னது பொய்யாகிவிடும். ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிறகு, "எறங்கிடுங்கண்ணே" என்றேன். கோழைத்தனமா அது? தெரியவில்லை.

மறுநாள் ஒரு தகரப் பலகையில் நானே எழுதி முன்னால் நட்டேன்: "பாரபாசாரஸ். தாவர உண்ணி. இதன் மண்டையோடு இதுவரை கிடைக்கவில்லை. இந்தத் தலை நாங்களாக வைத்தது."

செயலாளர் வந்து நின்று படித்தார். பிடுங்கி எறியப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவரோ கடைசி வரியைத் தடவிப் பார்த்து, "நாங்கன்னு மொட்டையா போட்டா எப்படி?" என்று கோபித்துக்கொண்டார். மாலையே பெயின்டரை வைத்து, அதன் கீழே கொட்டை எழுத்தில் தன் பெயரைச் சேர்த்துவிட்டார். முன்னால் 'உபயம்' வேறு!

நான் அழித்துவிடுவேன் என்று நினைக்கிறாயா? மாட்டேன். யார் வைத்த தலை என்று ஊருக்குத் தெரியட்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கோதாவரி மண்ணிலிருந்து அதன் உண்மையான தலை வெளியே வரும் நாளில், முதல் சுத்தியல் அடி என்னுடையது. கழுத்து உடைந்தால் உடையட்டும், சரியான தலையோடு திரும்பக் கட்டுவேன்.

ஆத்திரம் அடங்காத உன் தம்பி,
சேகர்