மாக்கஸுக்கு ஒரு புள்ளடி

2023 ஓகஸ்ட் 20, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததிலிருந்து போனும் கையுமாக இருக்கிறேன். தம்பி மாக்கஸ் ஒஸ்லோ மாநகரசபைத் தேர்தலில் நிற்கிறான். கட்சிப் பட்டியலில் அவன் பெயர் எங்கோ அடியில் கிடக்கிறது. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் சனம் புள்ளடி போட்டால் மேலே வரலாமாம். இலங்கையில் எங்களுடைய விருப்பு வாக்கு மாதிரித்தான். மன்னாரில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தவும் வேண்டுமா?

ஒஸ்லோவில் இருக்கும் எங்கள் பேசாலை ஊர் ஆட்கள் ஒருவரையும் விடவில்லை. "எங்கட பெடியன். எங்களுக்காகக் கதைக்க ஒராள் வேணும். நான் பொறுப்பு" என்றேன். என் மனுசன் லெஸ்லி சோபாவில் கிடந்தபடி நக்கல் அடிக்கிறார்: "ரொறன்ரோவில இருந்துகொண்டு ஒஸ்லோவுக்கு எலெக்சன் நடத்துற ஒரே மனுசி நீதான்." அடிக்கட்டும். பிறம்ரனில் லொறி ஓட்டுகிறவருக்கு அரசியல் என்ன தெரியும்!

ஜூலியையும் பிடித்தேன். ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஒஸ்லோவில் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்குகிறாள். அவளுக்கு ஊரில் கலியாணம் பேசியிருக்கிறது. "நோர்வேப் பிரசையில்லாட்டிலும் இந்த எலெக்சனில எங்களுக்கு வோட் இருக்கு அக்கா" என்றாள். அப்படியென்றால் போடு, நாளைக்கு உன் மனுசனை நோர்வேக்குக் கூப்பிடும்போது மாக்கஸ் பார்த்துக்கொள்வான் என்றேன்.

2023 செப்ரெம்பர் 12, செவ்வாய்

வென்றுவிட்டான்! அடியில் கிடந்தவனைப் புள்ளடிகள் தூக்கி மேலே விட்டிருக்கின்றன. கட்சிக்காரரே வாயைப் பிளந்தார்களாம்.

பத்தொன்பது வயதில் கனடாவுக்கென்று புறப்பட்டவனை ஏஜென்சிக்காரன் நோர்வேயில் இறக்கிவிட்டுப் போனான். வடக்கே மீன் பக்ரறி, பிறகு பஸ் ஓட்டம், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெற்றார் சங்கம், அங்கேயிருந்து கட்சி. அம்மா இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பா. அவவுக்குப் பதிலாக நான் திரிகிறேன்.

2024 யூலை 20, சனி

மாக்கஸ் ரொறன்ரோவுக்கு வந்து ஒரு கிழமை. நான் முதலில் இருந்த பார்க்டேல் அறையைக் காட்டினேன். பிறகு ஸ்காபரோ முழுக்கச் சுற்றினோம். வங்கியில் தமிழ்ப் பிள்ளை, டொக்டர் தமிழ், வக்கீல் தமிழ், பூசை தமிழ், செத்தால் பெட்டி விற்கிறவரும் தமிழ். "தம்பி, இஞ்ச பிறந்ததில இருந்து சாகும் மட்டும் இங்கிலீசே தேவையில்லை" என்று சிரித்துக்கொண்டே பகிடி விட்டேன். "உண்மையே அக்கா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். ஏதோ இந்த நகரத்தையே நான் கட்டிய மாதிரிப் பெருமை எனக்கு.

இன்று காலை என்னை முதியோர் இல்லத்து வேலைக்குக் கொண்டுபோய் விட்டதும் அவன்தான். உள்ளே வந்து எல்லோரோடும் கைகுலுக்கினான், நான் ஒரு கிழவிக்காக டொக்டரோடு இங்கிலீசில் கதைப்பதையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

2025 மே 6, செவ்வாய்

ஜூலி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். நோர்வே ரீவியில் மாக்கஸ்! செப்ரெம்பரில் பாராளுமன்றத் தேர்தல், அதற்கும் நிற்கிறான். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் கோட்டும் ஆளுமாக நல்ல களை, திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு ஜூலிக்குப் போன் எடுத்தேன்.

"றெஜினாக்கா, கோவிக்காதேங்கோ. அவர் உங்களைப் பற்றித்தான் கதைக்கிறார்."

நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கலியாணம் கட்டி நோர்வேக்கு வருகிறவர்கள் தங்கள் நாட்டிலேயே நோர்வே மொழிச் சோதனை பாஸ் பண்ண வேண்டும் என்று அவனுடைய கட்சி சட்டம் கொண்டுவரப் போகிறது. அதற்கு உதாரணம் நான். 'என் அக்கா முப்பது வருடத்துக்கு மேலாகக் கனடாவில் இருக்கிறா. சாகும்வரை அந்த நாட்டு மொழி தேவையில்லை என்று பெருமையாகச் சொல்கிறா. மகள் கூடப் போகாவிட்டால் டொக்டரிடம் வருத்தம் சொல்லத் தெரியாது. நோர்வேயில் இப்படி இன்னொரு அக்கா வேண்டாம்.' சனம் கைதட்டியதாம்.

மகள் கூடப் போகாவிட்டால் — இது எங்கேயிருந்து வந்தது? மார்க்கம் நகர முதியோர் இல்லத்தில், வாய் வராத வெள்ளைக்காரக் கிழவிகளுக்காக டொக்டரிடம் பேசுகிறவள் நான். அதை அவன் கண்ணால் கண்டவன்.

தை மாதம்தான் ஜூலிக்குக் கலியாணம் நடந்தது. புருசன் பேசாலையில் கடலுக்குப் போகிறவன். அங்கே அவனுக்கு யார் நோர்வே மொழி படிப்பிப்பது? "அவர் பாஸ் பண்ணாட்டி என்ன செய்யிறது அக்கா?" என்று கேட்டாள். அன்றைக்கு 'நான் பொறுப்பு' என்று சொன்னவள் நான்.

2025 மே 7, புதன்

வேலையிடத்தில் படுக்கை விரிப்புகள் வைக்கும் லினன் அறைக்குள் நின்று அழுதேன். பாவி, என்ர சிரிப்பை அல்லவா கொண்டுபோய் வித்திருக்கிறான்.

2025 மே 11, ஞாயிறு

அன்னையர் தினம். அம்மா போன பிறகு இந்த நாளில் அவன் எனக்குத்தான் எடுப்பான். இன்றைக்கும் எடுத்தான், ஒன்றும் நடக்காத மாதிரி. கேட்டுவிட்டேன்.

"அது அரசியல் அக்கா. உங்கட பேர் சொல்லேல்லைத்தானே."

"டொக்டர் கதை?"

"கொஞ்சம் கூட்டித்தான் சொன்னன். ரீவியில ஒரு நிமிசம்தான் தருவாங்கள்." பிறகு குரல் மாறியது. "இஞ்ச எத்தினை பொம்பிளையள் வீட்டுக்க அடைஞ்சு கிடக்கினம் தெரியுமே? மனுசன் அடிச்சாலும் பொலிசுக்குச் சொல்லப் பாஷை இல்லை. அவையளுக்காகத்தான் இந்தச் சட்டம்."

அதில் பொய் இல்லை. அப்படிப்பட்டவர்களை எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது.

"அப்ப வந்தாப் பிறகு படிப்பியுங்கோவன். கதவைச் சாத்திப்போட்டே படிப்பிக்கிறது? நீ வந்து இறங்கேக்க உனக்கு என்ன பாஷை தெரியும்?"

"அது வேற காலம்."

டொக்டர் கதை பொய் என்று அதே ரீவியில் சொல்லச் சொன்னேன். "சொன்னா நான் முடிஞ்சன் அக்கா" என்றான். பிறகு அன்னையர் தின வாழ்த்துச் சொன்னான். சொன்னானே!

ஏஞ்சலா எனக்காகக் கேக் செய்துகொண்டு நின்றவள் எல்லாம் கேட்டுவிட்டாள். "அம்மா, ஹீ யூஸ்ட் யூ. அவ்வளவுதான்." என் மகளுக்கு அது அவ்வளவுதான். நான் அவனைத் தூக்கி வளர்த்தவள்.

2025 ஓகஸ்ட் 17, ஞாயிறு

மூன்று மாதம் கழித்து மாக்கஸ் எடுத்தான். அவனுடைய இடம் இழுபறியாம். "முந்தி மாதிரி ஒருக்கா எங்கட ஆக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கோ அக்கா. நீங்கள் சொன்னாக் கேப்பினம்."

வெட்கம் என்று ஒன்று இல்லையா? ஆனால் நான் சொன்னது, "ஓம், எடுக்கிறன்." லெஸ்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2025 ஓகஸ்ட் 24, ஞாயிறு

எடுத்தேன். போன தேர்தலுக்கு எடுத்த அத்தனை பேருக்கும். வீடியோவை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பலர் அதை யாரோ ஒரு ஒன்றுவிட்ட அக்காவின் கதை என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

"அந்த அக்கா நான்தான். போன முறை புள்ளடி போடச் சொல்லிக் கேட்டதும் நான்தான். இனி உங்கட விருப்பம்." இவ்வளவுதான் சொன்னேன். போடாதே என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒருவர், "பிள்ளை, நீ இங்கிலீசில வேலை செய்யிறனியெல்லே?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

கடைசியாக ஜூலி. "பாராளுமன்றத்துக்குப் பிரசையள்தான் போடலாம் அக்கா. அவரை மேல ஏத்த எனக்கு வோட் இருந்தது. இப்ப இல்லை." அழுதாள். நானும்தான்.

2025 செப்ரெம்பர் 9, செவ்வாய்

தோற்றுவிட்டான். கொஞ்ச வாக்கில்தானாம். என்னால்தான் என்று சொல்லமாட்டேன், யாருக்குத் தெரியும். சந்தோசம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அந்தச் சட்டம் இனி வராது என்றும் யாரும் சொல்லவில்லை. ஜூலியின் புருசன் இன்னும் பேசாலையில்தான்.

2025 செப்ரெம்பர் 14, ஞாயிறு

மாக்கஸ் எடுத்தான்.

"ஆக்களுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"நீ ரீவியில சொன்ன அக்கா நான்தான் எண்டு சொன்னன்."

உடனே இங்கிலீசில் தொடங்கினான். பிறந்ததிலிருந்து என்னோடு அவன் இங்கிலீசில் கதைத்ததில்லை. கட்சி, குடும்பம், துரோகம் என்று வேகவேகமாகப் போனான். எனக்கு விளங்காது என்று நினைத்தானோ தெரியாது. முடியும்வரை கேட்டேன்.

பிறகு நானும் இங்கிலீசிலேயே பதில் சொன்னேன். இல்லத்தில் டொக்டருக்குச் சொல்கிற மாதிரி, ஆறுதலாக, ஒன்றும் விடாமல்: எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, எவ்வளவு நோகிறது என்று. நடுவில் அவனுடைய குரல் உடைந்தது. "அக்கா, தமிழில கதையுங்கோ" என்றான்.

நான் நிறுத்தவில்லை. சொல்லி முடித்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.