இரண்டு திரை, இரண்டு கரை

ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். ஆடிக் காற்று பெயருக்குக்கூட இல்லை.

கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் திரை வந்து இறங்கியது. நான் கேட்டது நல்ல நாற்காலி. முதலாளி ஏகாம்பரம் அண்ணன் (இனி வெறும் ஏ., முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை) பெட்டியைத் தன் கையாலேயே பிரித்தார்.

“பழசை எடுக்காதம்மா ரேவதி. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். வர்றவங்க பாத்தா பெரிய ஆபீஸ் மாதிரி இருக்கும்ல.”

வருகிறவர்கள் பார்ப்பதற்கு. உட்கார்ந்து வேலை செய்கிறவளுக்கு அல்ல.

புதியதில் புள்ளிகள் பொடிப்பொடியாக, நெருக்கமாக. பழையதில் ஒரு புள்ளி இருக்கும் இடத்தில் இதில் மூன்று. சேலை டிசைன் போடும் என் சாஃப்ட்வேரோ கிழம். அதற்கு இந்த வித்தியாசமே தெரியாது. பழையதிலிருந்து புதியதுக்கு இழுத்தால் எல்லாம் சுருங்கிவிடுகிறது. பட்டன்கள் கடுகு அளவு. செட்டிங்ஸில் பெரிதாக்கினால் ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல மங்கல். மவுஸ் அம்பு ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் கீழே இறக்கித் தள்ள வேண்டும். எருமையை வாசல் தாண்ட வைப்பது போல.

ஏ.விடம் சொன்னேன். “பழகிடும்.” நாற்காலிக்கும் போன வருஷம் இதே பதில்.

வாங்க: கொசுவத்தி, புளி, தைலம்.

ஜூலை 24, வியாழன்

கழுத்து திரும்பவில்லை. இடது கண் ஒரு அளவுக்கும் வலது கண் வேறு அளவுக்கும் பழகிக்கொண்டிருக்கின்றன.

மதியம் முசரவாக்கத்திலிருந்து கல்யாணப் புடவைக்கு ஒரு அம்மாவும் பெண்ணும். பெண் பவித்ரா, பெங்களூரில் வேலை. ஆவணியில் முகூர்த்தம். செருப்பைக் கழற்றும்போதே சண்டை.

“கரை நல்லா அகலமா இருக்கணும்பா. மண்டபத்துல கடைசி வரிசையில குந்திக்கினு இருக்கறவளுக்கும் தெரியணும்.”

“மா, போர்வையைச் சுத்திக்கினு நான் மணையில உக்கார மாட்டேன். எனக்குச் சின்னக் கரைதான்.”

ஏ. என்னிடம், ஒரே டிசைனை இரண்டு திரையிலும் திறக்கச் சொன்னார். இடம் இல்லாததால் அம்மா பழைய திரைக்கு முன்னால், பெண் புதியதற்கு முன்னால். அம்மா திரைமேலேயே விரலை வைத்து அளந்தார். ஏழு விரல். “ஆங், இதான்!” பவித்ரா தன் பக்கம் அளந்தாள். நாலு விரல். “சூப்பர். இதுவே போதும்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒவ்வொருத்திக்கும் தான் ஜெயித்துவிட்ட நினைப்பு.

நான் வாயைத் திறந்தேன். “அம்மா, ரெண்டும் ஒரே டிசைன்தான். திரையில தெரியறது நெச அளவு இல்ல...”

“ரேவதி, அம்மாவுக்கு டீ சொல்லு,” என்றார் ஏ.

டீ சொல்லிவிட்டு வருவதற்குள் ஆர்டர் முடிந்திருந்தது.

அவர்கள் போன பிறகு கேட்டேன். “அண்ணே, நெய்தா அஞ்சு விரலுக்கு மேல கொஞ்சம் வரும். அந்தம்மா சொன்னதும் இல்ல, அந்தப் பொண்ணு சொன்னதும் இல்ல.”

“ரெண்டு பேரும் சிரிச்சிக்கினு போறாங்க. உனக்கு இன்னா வயித்தெரிச்சல்?”

“சேலையை விரிச்சுப் பாக்கும்போது?”

“டிசைன்ல தப்பாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். அதுக்கு ஏம்மா இப்பவே?”

டிசைனில் தப்பு. கடையில் டிசைன் போடுவது நான் ஒருத்திதான்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. தெருமுனை ஸ்பீக்கர் விடியற்காலையிலேயே ஆரம்பம். கூழ் இரண்டு டம்ளர். அது ஒன்றுதான் இன்று நன்றாக இருந்தது.

தறிக்கான அட்டையில் டிசைனைத் துளைகளாக அடிக்கத் திங்கட்கிழமை அனுப்புகிறார்களாம். அடித்துவிட்டால் மாற்ற முடியாது.

நாள் முழுக்க ஏ. என் முதுகுக்குப் பின்னால் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் திரையைக் காட்டினார். “ஃபோர் கே.” ஒருவருக்கும் புரியவில்லை. அவருக்கும்தான்.

அவர் சாப்பிடப் போனதும் கரையை நெய்தால் வரும் அதே அளவில் பேப்பரில் பிரின்ட் எடுத்தேன். ஐந்தரை விரல். பிறகு பவித்ராவுக்கு போன். நாளைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். போனை மேஜையில் பொத்தென்று வைத்தேன். பயத்தில் இல்லை. கோபத்தில்.

ஜூலை 26, சனி

வந்தார்கள். பேப்பரை மேஜையில் விரித்தேன். “தறியிலேர்ந்து வர்றது இதான்.”

ஏ. முகம் அடுப்புக்கரி.

அம்மா: “இன்னாம்மா இது? அன்னிக்கி ஏழு விரல் இருந்துச்சே?”

பவித்ரா: “ஏழா? நான் பாத்தது நாலு.”

அவ்வளவுதான். இரண்டு நாளாகச் சமாதானமாக இருந்தவர்கள். கரையில் ஆரம்பித்து, மண்டபம், சமையல்காரர், மாப்பிள்ளை வீட்டு வரிசை, ப்ளஸ் டூவில் எடுத்துத் தராத ஸ்கூட்டி வரை போனது.

“கல்யாணம் உனக்கா எனக்காம்மா?”

“பெத்தது யாருடி?”

“அதுக்காக உன் புடவையை நான் கட்டணுமா?”

அம்மா பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார். பவித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: “நாலு விரல் போடுங்கக்கா. பேப்பர்ல அளந்து போடுங்க.”

ஏ. அவள் தெரு திரும்பும் வரை காத்திருந்தார். “ஒரு குடும்பத்தைப் பிரிச்சி வுட்டுட்ட. திருப்தியா?”

“நான் பிரிக்கலண்ணே. அளந்தேன்.”

இதற்கு முன் அவரிடம் நான் எதிர்த்துப் பேசியதில்லை. வருத்தம் இல்லை.

ஜூலை 28, திங்கள்

நாலு விரல் கரை வரைய ஆரம்பித்தேன். அட்டை அடிப்பது அடுத்த திங்களுக்குத் தள்ளிப்போனது. புதிய திரையை அணைக்கச் சொல்லி கடைப் பையன் மூலம் ஏ.வின் உத்தரவு: “கஸ்டமர் வந்தா மட்டும் போடணுமாம்.” பழையது ஒன்றிலேயே வேலை. நிம்மதி, ஆனால் கண்ணுக்கு இப்போது அதுவும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு புள்ளியும் செங்கல் மாதிரி.

ஜூலை 30, புதன்

சாயங்காலம் லேசான தூறல். மண் வாசனை கிளம்பும் முன்பே நின்றுவிட்டது.

பவித்ராவின் அம்மா தனியாக வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. ஏ.விடம் மட்டும் பேச்சு.

“எனக்கு ஒரு பொடவை. அதே டிசைன், அதே கலரு. கரை பத்து விரல். கல்யாணத்தன்னிக்கி கட்டிக்கினு வந்து மணைக்குப் பக்கத்துல நிக்கப் போறேன். யாரு பொடவை நல்லா இருக்குதுன்னு ஊரு சொல்லட்டும்.”

ஏ.வுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. “செஞ்சிடலாம்மா.”

“பொண்ணுக்குத் தெரியக் கூடாது.”

“எங்க கடையில வாயே திறக்க மாட்டாங்கம்மா.” என்னைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு என்னிடம்: “பாத்தியா? ஒரு ஆர்டர் ரெண்டாச்சு. எல்லாம் நம்ம புதுத் திரை வந்த நேரம்.”

புது நாற்காலி கேட்டேன். சிரித்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மறுபடி ஸ்பீக்கர். மறுபடி கூழ், இன்று உப்பு அதிகம்.

ஆர்டர் இரண்டானதிலிருந்து புதிய திரைக்கும் அனுமதி. இரண்டையும் போட்டு உட்கார்ந்தேன். இதில் மகளுக்கு நாலு விரல், அதில் அம்மாவுக்குப் பத்து விரல். தினமும் இவர்கள் சண்டையை நான் வரைந்துகொண்டிருக்கிறேன்.

பதினொன்றரை வாக்கில் பவித்ரா போன்.

“அக்கா, நெசமா சொல்லுங்க. அம்மா அங்க வந்தாங்களா?”

ஏ. முன்கடையில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். வாயே திறக்க மாட்டாங்க என்று என்னைக் காட்டிச் சொன்னவர்.

“வந்தாங்கம்மா.”

“ஆர்டர் குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க.”

“கரை எவ்ளோ?”

“பத்து விரல்.”

அழுவாள் என்று நினைத்தேன். இல்லை.

“அப்போ என்னுது கரையே இல்லாம நெய்ங்கக்கா. ஒரு கோடுகூட வேணாம்.”

“அம்மாகிட்ட சொல்லிட்டியாம்மா?”

“மணையில உக்காந்தப்புறம் பாத்துக்கட்டும்.” வைத்துவிட்டாள்.

முன்கடையிலிருந்து ஏ. குரல்: “யாரும்மா போன்ல?”

மகளின் கரையை அழித்துக்கொண்டிருந்தேன்.