வெஸ்டாவின் பச்சை விளக்கு

மார்ச் 3, காலை 6.10
வெஸ்டா சிறுகோள், பனித்துறை. பனி வெட்டும் இயந்திரங்கள் சீராக ஓடுகின்றன. துறை திறந்திருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு எரிகிறது. கிடங்கு நிரம்பிவிட்டது. கப்பல் வரவில்லை. செவ்வாய்க் கிரகமும் வியாழனின் நிலவுகளும் கூட்டுச்சந்தை அமைத்ததிலிருந்து இதே நிலைதான். எங்கள் பனிக்கட்டிதான் மலிவு. ஆனால் நாங்கள் அந்தச் சந்தைக்கு வெளியாட்கள். எங்களுக்குச் சுங்கம் உண்டு, நிலவுகளுக்கு இல்லை. ஆகவே செவ்வாய்க்காரர்கள் விலை கூடிய பனியை அத்தனை தொலைவிலிருந்து இழுத்துப் போகிறார்கள். இதற்குப் பெயர் வளர்ச்சி.

மார்ச் 19, பகல் 1.40
காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டது. மாற்று இல்லை. இருக்கும் காற்று ஒரு வாரம் தாங்கினால் அதிகம். கூட இருந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். கூட்டுச்சந்தை வந்தால் இப்படித்தான் ஆகும் என்று அன்றே அறிக்கை எழுதினேன். என்னோடு பொருளியல் படித்த குலசேகரன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இன்று அவன் கூட்டுச்சந்தையின் செயலர். உதவி கேட்டேன். பதில்:

“டேய் புகழேந்தி, இன்னுமா அங்க உக்காந்திருக்க? கூட்டுச்சந்தையால வெளியில யாருக்கும் பாதிப்பில்லன்னு நேத்துதான்டா அறிக்கை குடுத்தேன். என் மானத்த வாங்காம, துறைய மூடிட்டு வந்து சேரு.”

கல்லூரியிலும் இப்படித்தான் சிரிப்பான்.

மார்ச் 24, காலை 9.05
சரக்குக் கப்பல் ஒன்று அருகில் வருகிறது. அலைவரிசையில் அதன் கேப்டன் ஷமீமா:

“அண்ணே, வெளித்துறையத் தொட்டா என் சரக்கு மொத்தத்துக்கும் வரிச் சலுகை போயிரும். ஆளுங்களுக்குச் சம்பளம் யாரு குடுக்கிறது? தொறந்த துறைன்னா வியாபாரம். மூடுன துறைன்னா விபத்து. விபத்துல மாட்டுன ஆள ஏத்துனா எவனும் கேக்க முடியாது. அந்தப் பச்சை விளக்க அணைங்க, வந்துடறேன்.”

அணைத்தால், நாங்களாகவே தொழிலை விட்டுப் போனதாகப் பதிவாகும். குலசேகரனின் பொய் உண்மையாகிவிடும். திறந்த துறையில் ஒரு பிணம் கிடந்தால், அதை அவன் தன் அறிக்கைப் படிவத்தின் ஏதாவதொரு கட்டத்தில் எழுதியே தீர வேண்டும்.

அதே நாள், 11.30
“வேகத்தக் குறைச்சுட்டேண்ணே. பிரியாணி வேற இருக்கு. கோழி நிஜக் கோழி இல்ல, கோச்சுக்காதீங்க.”

விளக்கின் விசை கைக்கு எட்டும் தூரத்தில்தான். நான் அதைத் தொடவில்லை.

“என்ன மனுஷன்யா நீங்க! இதுக்கு மேல நிக்க முடியாதுண்ணே. அண்ணே?”

மார்ச் 26
நேரம் தெரியவில்லை. தலை வெடிக்கிறது. கப்பல் புள்ளியாகி மறைந்துவிட்டது. என் அறிக்கையை யாரும் படிக்கவில்லை. என் பிணத்தை மட்டும் படிப்பார்களா?

அணைத்துவிட்டேன்.

ஷமீமா, அணைத்துவிட்டேன் அம்மா. அலைவரிசையில் இரைச்சல்தான். ஒருமுறை திரும்பிப் பா…