கெடாத ஷூ

தை 9, வியாழன்.

நாளை விடிந்ததும் திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டி சத்தீஸ்கருக்குக் கிளம்புகிறது. அதில் வேலைக்குப் போகும் என் வீட்டுக்காரர் திரும்பி வர மாதக்கணக்காகும்.

சாயந்திரம் இவர் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். பாப்பா வீட்டுப்பாடத்தோடு வந்தாள். "சேஃப்டின்னா என்னங்கம்மா? ஒரு வாக்கியம் எழுதோணும்."

"ஆபத்து வராம பாத்துக்கறது சாமி," என்றேன்.

அவளே எழுதிக்கொண்டாள்: அப்பா சேஃப்டி ஷூ போட்டு வேலை செய்கிறார்.

அந்த ஷூ அப்போது என் கையில்தான் இருந்தது. போன வருஷம் முதலாளி கொடுத்தது. உள்ளே திணித்த காகிதம்கூட அப்படியே இருக்கிறது.

"ஏனுங்க, இதப் போடறதே இல்லீங்களா?"

"சேத்துல கெட்டுப்போயிரும் புள்ள. இஞ்சினியர் வந்தா மட்டும் எல்லாரும் எடுத்து மாட்டிக்குவோம்."

வாசலில் ரப்பர் செருப்போடு நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். இடது கட்டைவிரலில் நகம் இல்லை. போர்வெல் ராடு விழுந்ததில் போனது. அன்றைக்கும் ஷூ பைக்குள் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது.

பாப்பாவிடம் வாக்கியத்தை அழிக்கச் சொல்லவில்லை. எல்லோரும் படுத்த பிறகு காகிதத்தை உருவி எறிந்துவிட்டு ஷூவை வாசலில் வைத்தேன். இவருடைய ரப்பர் செருப்பு அட்டாலிப் பரண் மேலே, பழைய அண்டாவுக்குள் கிடக்கிறது. காலையில் தேடட்டும்.