பார்லிக்குக் கிடைத்த ஐந்து நிமிடம்

ஐப்பசி 18, செவ்வாய். மேனாம்பேடு. விடாத மழை.

பார்லி ஆராய்ச்சிக்கு அரசு நிதி கேட்டுப் பேச, நிதி ஒதுக்கும் குழு இன்று எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பார்லின்னா நீர்க்கடுப்புக்குக் கஞ்சி, இல்லேன்னா பீரு. இதுக்கு எதுக்கு சார் மக்கள் பணம்?"

உப்பு நிலத்திலும் விளையும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "ரெண்டும் ஒரே வழியாத்தானே சார் வெளியே போகுது!"

தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர்கூட எழுந்து சிரித்தார். நான் ருசி கண்டுவிட்டேன். மீதி நேரத்தையும் ஜோக்கடித்தே தின்று தீர்த்தேன். தலைவர் கைகுலுக்கி, "நல்லா சிரிக்க வெச்சீங்க. இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார்.

அடுத்த வருஷம் எதைப் பார்ப்பது? எங்களிடமுள்ள பழைய ரக விதைகளை இந்தப் பருவத்தில் விதைத்துப் புது விதை எடுக்காவிட்டால், அப்புறம் அவை முளைக்காது. அதைச் சொல்லத்தான் போனேன்.

திரும்பும்போது பாடி மேம்பாலத்தில் பஸ் நின்றது. ஸ்டெல்லா போன் செய்தாள். மலையில் எங்கள் சோதனை வயலைப் பல வருஷமாகத் தினக்கூலிக்குப் பார்த்துக்கொள்பவள்.

"சார், உழுதாச்சு. வெதைச்சிரலாமா?"

"வெதைச்சிரும்மா" என்றேன். கூலிக்குப் பணம் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

"என்ன சார், இன்னிக்கு ஜோக்கே காணோம்?"

"எல்லாத்தையும் கமிட்டியில கொட்டிட்டேம்மா."

அதற்கும் சிரித்தாள். நாளைக் காலையிலேயே விதைக்க ஆரம்பித்துவிடுவாள். அதற்கு முன்னால் நான் போன் செய்ய வேண்டும்.